மீன் போட்ட குடம்

ஹொஸ்பிற்றலில் டொக்டர் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போன கையோடு நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் மனுஷனுடைய சாம்பலில் ஒரு பிடி, இவர் செய்த குடத்துக்குள் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கடலில் கரைக்கட்டும், மந்திரம் சொல்லட்டும், உறவுகள் எப்படி விரும்புகிறார்களோ அப்படிச் செய்யட்டும். ஒரு பிடி எனக்கு.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று ஆளுக்கு ஆள் புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். செத்த வீட்டில் புத்தி சொல்ல எப்போதும் ஆள் இருக்கும், தேத்தண்ணி ஊற்றத்தான் இருக்காது. எல்லாம் முடிந்து சனம் கலையட்டும், பிறகு சத்தமில்லாமல் செய்துகொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் அழவும் இல்லை. அதையும் சிலர் கவனித்து வைத்திருந்தார்கள்.

இவர் பெயர் கௌரிசங்கர். மெல்பனில், கிளேட்டன் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் கருவிகளைத் திருத்திப் பராமரிக்கிற வேலை. மண்ணுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மகன் சுஜீதன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு ப்ரொஜெக்ட்டுக்காக அவனை நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பிள்ளை தனக்கு வேண்டிய படங்களை எடுத்துவிட்டு வெளியே போய் ஐஸ்கிறீமும் குடித்து முடித்துவிட்டான். தகப்பனைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவர் நின்றபடியே நிற்கிறார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சீனத்துச் சாடி. வட சீனத்தில் சிஜோ என்கிற பகுதியின் சூளைகளில், தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் சுட்டது. மண்பானை போல மெத்தென்று இல்லாமல், கல் மாதிரி இறுகச் சுட்ட பாண்டம். உள்மண் அழுக்குச் சாம்பல் நிறம். அதை மறைக்க மேலே வெள்ளைக் களிமண் குழம்பு பூசுவார்கள். அதற்கும் மேலே கறுப்புக் குழம்பு. ஈரம் முழுதாக வற்றுவதற்குள் மூங்கில் முனையால் கறுப்பை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டால், பூவும் கொடியும் கறுப்பில் நிற்கும், சுற்றிவர வெள்ளை தெரியும். கை கொஞ்சம் அழுத்தினாலும் வெள்ளையும் சேர்ந்து போய்ச் சாம்பல் மண் வந்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று பின்னேரம் தொடங்கி வருஷக்கணக்காக இதையே கேட்டேன்.

"இது அரசனுக்குச் செய்த சாமான் இல்லை, நிரூபா," என்பார். "அரசனுக்கு வேற சூளை. இது சனத்துக்குச் செய்தது. தண்ணி வைக்க, எண்ணெய் வைக்க, சாராயம் வைக்க."

"சனம் புழங்கின பானைக்கு என்னத்துக்குக் கண்ணாடிப் பெட்டி?"

"புழங்கினதெல்லாம் உடைஞ்சு போச்சு. ஆறு பெருகிச் சேத்துக்குள்ள மூடின ஊர் ஒண்டு இருந்தது, அங்க கிடந்ததும், செத்த ஆக்களோட குழிக்குள்ள வைச்சதும்தான் மிச்சம்."

"அப்ப வடிவா இருக்கவேணுமெண்டால் சாகவேணும்," என்று நான் பகிடி பண்ணினேன். இவர் சிரித்தார்.

ஸ்பிரிங்வேலில் யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியை விற்ற பழைய கரண்ட் சூளை ஒன்று எங்கள் கராஜுக்குள் வந்து சேர்ந்தது. கார் வெளியே போனது. சூளை மூட்டுகிற நாட்களில் நான் உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போடக்கூடாது. முதல் பானைகள் கோணின, அடுத்தவை வெடித்தன. கோணலும் வெடிப்பும் சரிவந்த பிறகு சுரண்டல் சரிவரவில்லை. சீனர்கள் பியோனிப் பூக் கீறுவார்களாம், இவர் கீறினால் அது முட்டைக்கோவா மாதிரி வந்தது. மனதுக்குப் பிடிக்காத பானையைத் தானே சுத்தியலால் உடைத்துக் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு அடியில் போடுவார். தண்ணீர் வடிய நல்லதாம். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்குக் கீழே கிடக்கிற ஓடுகளைத் தோண்டி எடுத்தால் ஒரு சீனச் சந்தை வைக்கலாம்.

நான் எரிந்து விழாமல் இல்லை. ஆனால் சூளையைத் திறக்கிற காலையில் இவருடைய முகத்தைப் பார்த்தால் எந்த மனுஷிக்கும் கோபம் நிற்காது. பரீட்சை மறுமொழி பார்க்கப்போகிற பிள்ளை மாதிரி நிற்பார்.

போன மாரிகாலத்தில்தான் அந்தக் குடம் வந்தது. பூவைக் கைவிட்டு மீன் போட்டிருந்தார். வயிறு உருண்ட, வாய் குறுகிய குடம். வெள்ளைத் தண்ணீருக்குள் பாசிக் கொடி ஓட, அதற்குள்ளே ஒரு கறுப்பு மீன் வளைந்து போகிறது. செதில் ஒவ்வொன்றும் மூங்கில் முனையால் எடுத்தது. சூளையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு இவர் நிலத்தில் இருந்துவிட்டார். மீனின் கண்ணில் மட்டும் கை அழுத்திவிட்டது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

"கண்ணில பிழைச்சுப் போட்டுது," என்றார். சுத்தியல் எங்கே என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"மீனுக்குக் கண் அப்பிடித்தான் இருக்கும்," என்றேன். "சந்தையில நல்ல மீன் பாத்து வாங்கிறது ஆர், நீங்களோ நானோ?"

இவர் அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கனநேரம் பார்த்தார். குடம் தப்பியது.

ஆனால் இன்னொரு சந்தேகம் இருந்தது. சூளை ஆறும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். எங்கேயாவது மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே வேறு கபில நிறப் பூச்சு, அதற்குள் எதைக் கண்டுபிடிக்கிறது.

"தண்ணி ஊத்திப் பாருங்கோவன், தெரிஞ்சு போடும்."

"பிறகு பாப்பம்."

அந்தப் பிறகு வரவேயில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு ஆணியைக்கூட சோதித்துப் பார்க்காமல் பூட்டாத மனுஷன், தன் குடத்துக்குள் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றப் பயந்தார். ஒரு நாள், சனத்துக்குச் செய்த சாமானைச் சாமி மாதிரி வைத்திருக்கிறாரே என்று நான் சீண்டினேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னார்.

"ஒழுகினா என்ன செய்யிறது, நிரூபா? இப்ப இது ஒழுகாத குடம். ஊத்தினா ஒருவேளை இல்லாமல் போடும்."

ஹோலில் புத்தகத் தட்டுக்கு மேலே அது இருந்தது. தூசியை இவர்தான் துடைப்பார், என்னை விடமாட்டார். இலையுதிர் காலம் தொடங்கின ஒரு வெள்ளிக்கிழமை வேலையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிறகு வீட்டுக்கு வரவில்லை.

வீடு சனத்தால் நிரம்பியது. என் தங்கச்சி தர்சினி வந்து ஹோலை வெறுமையாக்கினாள். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், தட்டுமுட்டு விழுந்து உடையும் என்று தட்டில் இருந்த சாமான்களையெல்லாம் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தாள். குடத்தையும் வைத்தாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். நல்லது, பத்திரமாக இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

இவருடைய தமையன் வரதராஜா அத்தான் சிட்னியிலிருந்து வந்தார். அங்கே கிரவீன் பகுதியில் எந்தச் செத்த வீடென்றாலும் முன்னுக்கு நின்று நடத்துகிறவர். என்ன சாமான் எந்தக் கடையில் வாங்குவது, ஐயருக்கு யார் போன் பண்ணுவது, எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. சொந்தத் தம்பி செத்ததற்கு இந்த மனுஷனுக்கு அழ நேரமில்லையே என்று நினைத்தேன். என்னைப்பற்றி அவரும் அதையே நினைத்திருக்கலாம்.

பிரேதம் எடுக்கிற நாள் காலை அவர் அவசரமாகக் கராஜுக்கும் காருக்கும் இடையில் ஓடித் திரிந்ததைக் கண்டேன்.

"என்ன அத்தான், ஏதும் குறையோ?"

"ஒண்டுமில்லை, கொள்ளிக்குடம் ஒண்டு ஒழுங்குபண்ண வேண்டிக் கிடந்தது. சரிவந்திட்டுது. நீர் போய் இரும்."

நான் போய் இருந்தேன்.

ஊரில் என்றால் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும், சுடலைக்குப் போகிறதில்லை. மெல்பனில் படலை இல்லை, கார்தான் இருக்கிறது, எல்லோரும் ஏறிப் போகிறோம். தகனம் செய்கிற இடம் பார்க் மாதிரி இருந்தது. வெட்டி விட்ட புல், ரோசாப் பாத்திகள். உள்ளே மண்டபத்தில் கார்ப்பெட் விரித்திருப்பதால் தண்ணீரும் குடம் உடைக்கிறதும் வெளியேதான். பக்கவாட்டில் கூரை போட்ட ஒரு இடம். அங்கே சில்லு வைத்த மேசையில் பெட்டியை நிறுத்தி, சுற்றி முடித்து, குடத்தை உடைத்த பிறகு உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். உள்ளே மகன் ஒரு பட்டனை அமத்துவான். அதுதான் கொள்ளி.

அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெண் மரியாதையான பெண். எங்கள் ஆட்களுடைய முறையெல்லாம் பார்த்துப் பழகியவள். ஓடுகள் சிதறி யாருடைய காலையும் வெட்டக்கூடாது என்று, குடம் விழுகிற இடத்தில் தடிப்பான பச்சை ரப்பர் புல் விரிப்பு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். மண்குடம் எங்கே விழுந்தாலும் உடையும், ஆகவே அதில் பிழை ஒன்றும் இல்லை.

சுஜீதன் வேட்டியோடு, மேலில் ஒன்றுமில்லாமல், குளிர் காற்றில் நின்றான். ஐயர் குடத்தைத் தூக்கி அவனுடைய இடது தோளில் வைத்தார். குடம் முழுவதும் வெள்ளைத் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது. பிள்ளை ஒரு பக்கம் சரிந்து, பிறகு நிமிர்ந்தான். நல்ல பாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் சுற்று வந்து நின்றான். பின்னால் கத்தியோடு வந்த அத்தான் குடத்தில் கொத்தினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை போடுவது முறை, அதால் தண்ணீர் பாய்ந்து கொள்ளி வைக்கிறவனின் தோளையும் முதுகையும் நனைக்கும். கத்தி 'ணங்' என்று தெறித்தது. தண்ணீர் வரவில்லை. அத்தான் கத்தியின் முனையைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். மறுபடி கொத்தினார். கத்தி வழுகி, துணியைக் கிழித்துக்கொண்டு போனது.

கிழிசலுக்குள் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தது. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

"அது என்ர குடம்," என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, யாரும் திரும்பவில்லை. தர்சினி மட்டும் என் கையைப் பிடித்தாள். ஐயர், கத்தியைத் தொட்டு எடுத்தால் போதும் என்று சொல்லி மிச்சச் சுற்றுகளையும் முடித்துவிட்டார். பெட்டியின் கால்மாட்டில் சுஜீதனை எங்களுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "திரும்பிப் பாராமல் பின்னால விடுங்கோ தம்பி."

அவன் விட்டான். எனக்குக் கண்ணை மூடத் தோன்றவில்லை. குடம் விரிப்பில் விழுந்தது. 'தொம்' என்று ஒரு சத்தம், வாயால் கொஞ்சம் தண்ணீர் தெறித்தது. அவ்வளவுதான். ஒரு பக்கம் சாய்ந்து, ஆடி, நின்றுவிட்டது.

குடம் உடையாமல் எந்தச் செத்த வீட்டிலும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். குடம் உடைந்தால்தான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள பந்தம் அறும் என்பார்கள். உடையாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

நான் தர்சினியின் கையை உதறிவிட்டு நடந்து போனேன். அத்தானுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நடத்துகிற ஆளைக் காணவில்லை. வயது போன ஒரு மனுஷன் நின்றார்.

"கடையில வாங்கின குடம் கார் டிக்கிக்குள்ளயே வெடிச்சுப் போச்சு, நிரூபா. காலமை பாத்தா ஓடாக் கிடக்கு. கடை திறக்க நேரம் கிடக்கு. கராஜுக்குள்ள போனா இது இருந்தது. புழங்காத குடமாத்தான் இருக்கவேணும், இது ஒருக்காவும் புழங்கேல்ல எண்டு பாக்கத் தெரிஞ்சுது." கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி தன்ர கையால செய்தது. அது அவனோட போகட்டும் எண்டு நினைச்சன். மீன் போட்டுக் கிடக்கெண்டுதான் துணியைச் சுத்தினன். பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளும்."

அவரைத் திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் அவர் நினைத்ததில் என்ன பிழை? நான் சொல்லாமல் மறைத்ததை அவர் எப்படி அறிவார்?

ஐயர் பக்கத்தில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "அம்மா, ஒண்டும் யோசிக்காதேங்கோ. நெருப்புக்கெண்டு கொண்டந்த சின்ன மண்சட்டி ஒண்டு வான் வண்டிக்குள்ள கிடக்கு. இஞ்ச நெருப்பு விடமாட்டினம், அது சும்மாதான் இருக்கு. அதை உடைப்பம். இதை நீங்கள் வீட்டை கொண்டு போங்கோ. உங்களுக்கு வேணுமெண்டா ஒரு குறையும் வராது."

எனக்கு வேணும். எனக்கு அது எவ்வளவு வேணும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. குனிந்து குடத்தைத் தூக்கினேன். பாரமாக இருந்தது. வாய் குறுகிய குடம், சாய்ந்து கிடந்தும் பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றது. கிழிந்த துணிக்குள் கையை விட்டு அடியைத் தடவினேன். விடியவே நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவு நேரம் தண்ணீரோடு இருந்திருக்கிறது. கத்தியால் வேறு கொத்து வாங்கியிருக்கிறது. கழுத்துத் துணி மட்டும் தெறித்த தண்ணீரில் ஈரம். வயிற்றுத் துணி காய்ந்தபடி. அடித் துணி காய்ந்தபடி.

ஒழுகவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் அத்தானோடு இல்லை, இவரோடுதான். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு நாளாவது இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாதா? பெட்டிக்குக் கிட்டப் போய், "ஒழுகேல்ல," என்று சொன்னேன். சனத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஒரு பிடி சாம்பலைப் போட்டு இதைத் திரும்பத் தட்டில் வைப்பேன். இவர் துடைத்த மாதிரி நான் துடைப்பேன். யாரையும் தொடவிடமாட்டேன். செத்தவர்களோடு வைத்த பானைதான் மிஞ்சும் என்று இவர் சொன்னபடியே, உடையாமல், புழங்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி அது இருக்கும். ஆனால் இன்றைக்குத்தான் இந்தக் குடம் முதல்முதலாக வேலை செய்திருக்கிறது. தண்ணீர் சுமந்திருக்கிறது. இவருடைய பிள்ளையின் தோளில் இருந்திருக்கிறது. சனத்துக்குச் செய்த பானைக்கு இதைவிட என்ன வேணும்?

அப்படியெல்லாம் யோசித்தேன்தான். ஆனால் அதனாலும் அதை உடைக்க என் கை எழவில்லை. குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றேன்.

சுஜீதனுடைய முதுகைப் பார்த்த பிறகுதான் என்னால் முடிந்தது. அவன் அந்த இடத்திலேயே நின்றான். திரும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், திரும்பவில்லை. பின்னால் நாங்கள் பேசுவது கேட்கிறது, என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. உடைகிற சத்தம் கேட்டால்தான் தகப்பனைக் கொண்டு உள்ளே போகலாம். குளிரில் தோள்மூட்டு இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. என் பிள்ளை ஒரு சத்தத்துக்காகக் காத்து நிற்கிறான்.

விரிப்பைத் தாண்டி சீமெந்து விளிம்புக்குப் போனேன். அத்தான் "நிரூபா" என்றார். ஐயர் அவரைக் கையால் மறித்தார். மனைவி உடைக்கலாமா என்று சாத்திரத்தில் இருக்கிறதோ தெரியாது, அந்த ஐயர் கேட்கவில்லை.

துணியை அவிழ்த்தேன். மீனை ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். பிறகு தலைக்கு மேலே தூக்கி விளிம்பில் போட்டேன். முதல் அடிக்கு உடையவில்லை. கோயில் மணியைத் தட்டிய மாதிரி ஒரு நாதம் எழும்பி அடங்கியது. மறுபடி தூக்கினேன். இந்த முறை என்னுடைய பலம் முழுவதையும் போட்டேன். உடைந்தது. தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. உடைந்த இடமெல்லாம் உள்மண்ணின் சாம்பல் நிறம்.

"திரும்பாமல் போங்கோ தம்பி," என்றார் ஐயர்.

பெட்டி உள்ளே போனது. பிள்ளை பின்னால் போனான்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அந்த வெள்ளைக்காரப் பெண் ஓடுகளைக் கூட்டி ஒரு வாளிக்குள் அள்ளியிருந்தாள். மற்றக் குடங்களின் ஓடு மாதிரி இது இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. இவ்வளவு அழகாக இருக்கிறதே, எடுத்துப் போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள். சுடலையிலிருந்து ஒன்றும் வீட்டுக்குக் கொண்டு போகிறதில்லை என்று சொன்னேன். மீனின் கண் எந்தத் துண்டில் இருக்கிறது என்று தேட எனக்கு ஆசை வந்தது. தேடவில்லை.

"ரோசாச் செடிகளுக்கு அடியில் போடமுடியுமா?" என்று கேட்டேன். "தண்ணீர் வடிய நல்லது."

அவள் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தானே போடுவதாகச் சொன்னாள்.

காரைத் தர்சினி ஓட்டினாள். பின்சீற்றில் நானும் சுஜீதனும். அத்தான் முன்னால் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், அவருடைய தோள் குலுங்கியது. பெரிய ரோட்டுக்கு வந்த பிறகு சுஜீதன் கேட்டான்.

"அம்மா, அது அப்பாட பொட் தானே?"

"ஓம். உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தூக்கேக்கயே தெரியும். மண்குடம் அவ்வளவு ஹெவியா இருக்காது. அப்பாவோட எத்தினை தரம் சூளைக்குள்ள இருந்து தூக்கி வைச்சிருக்கிறன்." மடியைப் பார்த்தபடி சொன்னான். "நீங்கள்தான் குடுத்தீங்கள் எண்டு நினைச்சன். தட்ஸ் வை ஒண்டும் சொல்லேல்ல."

நான்தான் கொடுத்தேன், கடைசியில் அதுதானே நடந்தது.

அவனுடைய மடியில் உடம்பு துடைக்கிற துவாய் ஒன்று மடித்தபடியே இருந்தது. காலையில் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததைக் கண்டிருந்தேன்.

"என்ர ஃபிரெண்ட் ஒருத்தன் சொன்னவன்," என்றான். "அவன்ட அப்பாக்குச் செய்யேக்க தோளெல்லாம் தண்ணி ஊத்திச் சரியான குளிராம். துவாய் கொண்டு போ எண்டவன்." அந்தத் துவாயைப் பார்த்தான். பிறகு, எல்லாம் முடிந்தபின் போட்ட சட்டையின் கழுத்தை இழுத்து, இடது தோளை எனக்குக் காட்டினான். குடம் இருந்த இடம் சிவந்துபோய்க் கிடந்தது. "பாருங்கோ அம்மா. ஒரு துளி கூட இல்லை. அப்பா கடைசி வரைக்கும் செக் பண்ணேல்ல, என்ன?"

"இல்லை."

"இப்ப தெரிஞ்சிருக்கும்," என்றான்.

நான் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சிவந்த இடம் சுட்டது. அந்தத் தோளில் முகத்தை வைத்தேன். ஹொஸ்பிற்றலிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. பிள்ளை துவாயை எடுக்கவில்லை, அசையவும் இல்லை. அவனுடைய தோள் அதற்குப் பிறகுதான் நனைந்தது.